வாய்ப் புற்றும் உமிழ்நீர்ச் சோதனையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

சென்ற ஆடி மாதத்தில் எனது வட்டாரத்து ஊராட்சியொன்றின் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். குடிநீர்க் குழாய், தெரு விளக்கு, மயானப் பாதை ஆகியவை பற்றிய பேச்சு முடிந்த பின்னர், உறுப்பினர் ஒருவர் ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து மேசைமீது வைத்தார். சிறு குப்பியொன்றில் எச்சிலை உமிழ்ந்து கொடுத்தாற் போதும். வாய்ப் புற்று உண்டா இல்லையா, உண்டெனில் அது பரவுமா பரவாதா என்பதை மரபணுக்களைக் கொண்டே கூறிவிடலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் குறித்திருந்தனர். ஊரில் வெற்றிலையும் புகையிலையும் போடாதவர் சிலரே. ஆகவே ஊராட்சிப் பொது நிதியில் தொகை ஒதுக்கி அனைவருக்கும் இச்சோதனையைச் செய்துவிடலாமே என்பது உறுப்பினரின் எண்ணம். "இதில் உண்மை எவ்வளவு, ஐயா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

நான் அறிவியற் பட்டம் பெற்றவனேயன்றி மருத்துவன் அல்லன். அப்பொழுது விடை கூற இயலாமல், அடுத்த கூட்டத்தில் சொல்வதாகத் தவணை கேட்டுக்கொண்டு திரும்பினேன். பின்னர் மருத்துவர்களைக் கலந்தும், வெளிவந்துள்ள ஆராய்ச்சிகளை வாசித்தும் அறிந்தவற்றை அக்கூட்டத்தில் எடுத்துரைத்தேன். பிற ஊராட்சிகளுக்கும் இத்தகைய பிரசுரங்கள் வரக்கூடுமாதலால், அதனையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

நோயின் தன்மை

2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுக் கண்டவர்கள் சுமார் 3,77,000 பேர் என மதிப்பிட்டிருக்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 1,35,000 பேர் இந்தியர். அதாவது உலகத்து வாய்ப் புற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டைச் சேர்ந்தது. அவ்வாண்டில் இந்நோயால் இந்தியாவில் இறந்தவர் சுமார் 75,000 பேர்.

காரணம் நாம் அறியாததன்று. புகையிலையை மெல்லுதலும், பீடி சுருட்டுப் புகைத்தலும், மதுவும் இதற்குக் காரணங்கள். ஆனால் பாக்கைப் பற்றி நம்மவர் பலருக்கு இன்னும் தெளிவில்லை. "புகையிலை சேர்த்தால்தானே கெடுதல்? வெறும் வெற்றிலை பாக்கு சீரணத்துக்கு நல்லது" என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பிரிவாகிய புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை, புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்கு ஒன்றுமேகூட, மனிதருக்குப் புற்று விளைவிப்பவை என்று 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தெளிவாகவே குறித்திருக்கிறது. விருந்துக்குப் பின் என்றைக்கோ ஒரு நாள் தாம்பூலம் தரிப்பவரை நான் சொல்லவில்லை. காலையில் வயலுக்குப் போகும்போது கன்னத்தில் அடக்கியதை மாலையில் கரையேறும் வரை மாற்றி மாற்றி அடக்கிக் கொண்டிருப்பவரையே சொல்கிறேன். எந்தப் பக்கம் அடக்குகிறோமோ பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேதான் நோயும் தோன்றுகிறது.

என் பெரியம்மா இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே நாள் முழுதும் களை எடுப்பார். அக்கன்னத்தின் உட்புறத்தில் தோன்றிய புண் பல மாதங்களாக ஆறவில்லை. வலி இல்லாதபடியால் அவர் எவரிடமும் அதனைச் சொல்லவுமில்லை. தாடைக்குக் கீழே நெல்லிக்காயளவில் ஒரு கட்டி திரண்ட பின்னரே வீட்டார் கவனித்தோம். பட்டணத்து மருத்துவமனைக்கு நானே அழைத்துச் சென்றேன். அங்கிருந்த வைத்தியர் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கழுத்தைத் தடவிப் பார்த்தார். அப்பொழுது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அதற்குப் பின் ஓராண்டு நிறைவதற்குள் பெரியம்மா காலமானார்.

கழுத்தை ஏன் பார்க்கிறார்கள்?

உடலில் இரத்தக் குழாய்கள் இருப்பது போலவே நிணநீர்க் குழாய்களும் உண்டு. இவற்றை வயலின் வடிகால் வாய்க்கால்களுக்கு ஒப்பிடலாம். வாயிலிருந்து வடியும் நிணநீர் தாடைக்கடியிலும் கழுத்திலும் உள்ள நெறிகளில் தங்கி, அங்கே சல்லடையிட்டாற்போல் வடிகட்டப்பட்டுக் கீழே செல்லும். கன்னத்திலோ நாக்கிலோ தோன்றிய புற்றின் அணுக்கள் தம் இடத்தைவிட்டுக் கழன்று இக்குழாய்களில் இறங்கினால், முதலில் போய்ச் சிக்குவது இந்நெறிகளில்தான். சாதாரணப் பல்வலியிலும் சொறி சிரங்கிலும் நெறி கட்டுவதுண்டு. அது வலிக்கும், சில நாளில் வற்றிவிடும். புற்றினால் கட்டும் நெறி பெரும்பாலும் வலியின்றிக் கெட்டியாக இருக்கும். நாளாக ஆகப் பெருக்கும். வாய்ப் புற்று கழுத்து நெறியை எட்டிவிட்டால், நோயாளி பிழைத்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது என்பது மருத்துவர்களின் அனுபவம்.

புண்ணின் பரப்பு சிறிதாயிருப்பதைக் கண்டு ஆறுதல் கொள்வதற்கில்லை. அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே பெரிது. 2017-ஆம் ஆண்டு முதல் நோயின் நிலையைப் பகுக்கும் முறையிலேயே ஐந்து மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர் என்று ஆழத்தின் அளவையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றனர். கோரையைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேலே நாலு தாள்தான் தெரியும். கீழே கிழங்கு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது கொத்திப் பார்த்தால்தான் தெரியும்.

கழுத்தில் கைக்கு ஒன்றும் தட்டுப்படாதபோதே நெறிக்குள் புற்றணுக்கள் மறைந்திருப்பதுண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இதுபற்றி நடத்திய ஆய்வின் முடிவு 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தது; உலகெங்குமுள்ள மருத்துவர்கள் இன்று அதனை எடுத்துக்காட்டுகின்றனர். கழுத்தில் கட்டி தென்படாத, தொடக்க நிலையிலுள்ள 500 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வாய்ப் புற்றை அகற்றும்போதே கழுத்து நெறிகளையும் அகற்றினர். மற்றவர்க்கு நெறி பின்னர் கட்டினால் மட்டுமே கழுத்தில் அறுவை செய்தனர். மூன்றாண்டு கழித்துப் பார்க்கையில் முதற் பிரிவில் நூற்றுக்கு 80 பேர் உயிருடன் இருந்தனர். இரண்டாம் பிரிவில் 67.5 பேரே. ஆகவே முன்கூட்டியே கழுத்தைத் திறப்பதே நல்லது என்று முடிவாயிற்று.

ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. அவ்வாறு முன்கூட்டித் திறக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பத்துக்கு மூவரிடமே நெறியில் புற்று இருந்தது. மற்ற எழுவருக்கு அவ்வறுவை தேவைப்படவில்லை என்று பின்னால்தான் தெரிகிறது. கழுத்தில் செய்யும் இவ்வறுவையால் சிலருக்குத் தோள் தளர்ந்து, கையை மேலே தூக்குவதே கடினமாகிவிடுவதுண்டு. நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர் அதனைத் தாங்கிக்கொள்ளலாம். மண்வெட்டி பிடிப்பவருக்கும் நெற்கட்டைத் தலைக்கு ஏற்றுபவருக்கும் அது பிழைப்பையே பாதிக்கும். அந்த மூவர் யார், எழுவர் யார் என்று அறுப்பதற்கு முன்னரே அறிய வழியுண்டா? மரபணு அடையாளங்களைத் தேடும் முயற்சியின் பயன் இங்கேதான் இருக்கிறது.

மரபணு கூறுவது

ஒவ்வோர் உயிரணுவிலும் அது எவ்வாறு வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் அடங்கிய மூலப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதனை டி.என்.ஏ. என்பர். அலுவலகத்தில் நிரந்தரப் பதிவேடு ஒன்றிருக்க, அதிலிருந்து தேவைக்கேற்ப நகலெடுத்து அன்றாட உத்தரவுகள் போவதில்லையா? அவ்வாறே டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் நகல்கள் எடுக்கப்பட்டு அணுவின் வேலைகள் நடக்கின்றன. புகையிலையின் நஞ்சு நாள்தோறும் படப்பட மூலப் பதிவேட்டிலேயே எழுத்துப் பிழைகள் நேருகின்றன. டி.பி.53 என்னும் மரபணு, கெட்டுப்போன அணுக்களைப் பெருகவிடாமல் தடுப்பது. அதிலேயே பிழை நேர்ந்தால் காவற்காரன் இல்லாத களம் போலாகிவிடும். அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசை குறைவதும், சுற்றுச் சுவரைக் கரைக்கும் நொதிகள் மிகுவதும் சேர்ந்தால் புற்று தன் எல்லையைத் தாண்டிப் பரவத் தொடங்குகிறது.

புகையிலை மெல்லும் நம் நாட்டவரிடம் மிகுதியாகக் காணப்படும் ஈறு, கன்னப் புற்றின் மரபணுப் பிழைகளை மேற்கு வங்கம் கல்யாணியிலுள்ள தேசிய ஆய்வு நிலையத்தாரும் மும்பைப் புற்றுநோய் ஆய்வு மையத்தாரும் பிறரும் சேர்ந்து ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். டி.பி.53 முதலிய முன்பே தெரிந்தவற்றோடு புதியன சிலவும் அதில் வெளிப்பட்டன. 2019-இல் வந்த மற்றோர் இந்திய ஆய்வு, கழுத்து நெறிக்குப் பரவிய புற்றுகளில் குரோமோசோம்கள் நிலைகுலைந்திருப்பதும், டி.என்.ஏ.யைப் பழுது பார்க்கும் ஆற்றல் குறைந்திருப்பதும் மிகுதி என்று காட்டியது. இவற்றிற்கு முன்பே, 2005-இல், நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் புற்றுச் சதையில் 102 மரபணுக்களின் நகல் அளவை ஒருசேரப் பார்த்து, நெறிக்குப் பரவியிருக்குமா என்று முன்கூட்டிக் கணிக்க முயன்று ஓரளவு வெற்றியும் கண்டனர்.

வாசகர்கள் ஒன்றைக் கருத வேண்டும். மேற்கூறியவை யாவும் அறுத்தெடுத்த சதையில் கண்டவை. உமிழ்நீரில் கண்டவை அல்ல.

உமிழ்நீரில் என்ன இருக்கிறது?

மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து, நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீரே. எஞ்சிய ஒரு பங்கில் உப்புகளும், மாவுப் பொருளைச் செரிக்கும் நொதியும், கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும், வாயின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த அணுக்களும், அவ்வணுக்களிலிருந்து கசிந்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துணுக்குகளும் இருக்கின்றன. வயலில் உவர் இருந்தால் வடிகால் நீரில் அது தெரிவது போல, வாயில் புற்றிருந்தால் அதன் சுவடு எச்சிலில் தெரியக்கூடும் என்பதே இவ்வாராய்ச்சியின் அடிப்படை. ஊசி குத்த வேண்டாம், கத்தி வைக்க வேண்டாம். ஆகவே இது விரும்பத்தக்க முறையே.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் வாய்ப் புற்றுடையோர் 32 பேர், நோயற்றோர் 32 பேர் ஆகியோரின் உமிழ்நீரை ஒப்பிட்டனர். ஏழுவகை ஆர்.என்.ஏ.க்கள் நோயாளிகளிடம் மிகுந்திருந்தன. அவற்றுட் சிலவற்றைச் சேர்த்துப் பார்த்து நோயாளிகளில் நூற்றுக்கு 91 பேரையும், நோயற்றவர்களில் நூற்றுக்கு 91 பேரையும் சரியாகப் பிரித்தறிந்தனர். 2015-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்தார் வாய்ப் புற்றுடைய 46 பேரின் உமிழ்நீரிலும், ஒருவர் விடாமல், புற்றின் டி.என்.ஏ.யைக் கண்டனர். இது வியப்புக்குரியதுதான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு நோயாளியின் புற்றிலும் உள்ள மரபணுப் பிழை எதுவென்று முன்னரே அறிந்துகொண்டு, அதே பிழையை எச்சிலில் தேடினர். காணாமற்போன மாட்டின் சூட்டுக்குறியைத் தெரிந்துகொண்டு சந்தையில் அதனைத் தேடுவது ஒன்று. சந்தைக்கு வந்த மாடுகளுள் திருட்டு மாடு எது என்று ஒன்றும் தெரியாமல் சொல்வது வேறொன்று. சிகிச்சை முடிந்தவரிடம் நோய் மீண்டும் தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதற்கு முதல்வகைத் தேடல் பெரிதும் உதவக்கூடும். ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பதற்கு அது பொருந்தாது.

அன்றியும், உமிழ்நீரிலுள்ள ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துபோவது. சோதனைக்கு எடுப்பவர்கள், ஒரு மணி நேரமேனும் உண்ணாமலும் பருகாமலும் தாம்பூலம் தரிக்காமலும் இருக்கச் செய்து, எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோகின்றனர். சித்திரை வெயிலில் பஸ்ஸில் போகும் குப்பி என்னவாகும் என்று நானும் ஒரு மருத்துவரைக் கேட்டேன், அவர் சிரித்தார். இன்னொரு குறை, புற்றில் மிகும் பொருள்களுள் சில ஈறு வீங்கியிருந்தாலும் மிகும். நம் ஊர்களில் புகையிலை போடுபவரிடம் ஈறு நோய் இல்லாதவரைக் காண்பது அரிது.

பிரசுரத்தில் கூறியபடி, புற்று பரவுமா பரவாதா என்பதை எச்சிலை மட்டும் வைத்துச் சொல்லும் சோதனையோ, மருத்துவமனைகளில் வழக்கமாகக் கையாளப்படும் அளவுக்கு இன்னும் நிலைபெறவில்லை. புற்று என்று உறுதி செய்வதும் இன்றளவும் சிறு சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதனாலேதான்.

ஒரு கணக்கு

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாகச் சொல்லும் சோதனை நல்ல சோதனைதானே என்று அக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாயிரம் பேரைச் சோதிப்பதாகவும், அவர்களுள் உண்மையில் நோயுள்ளவர் பத்துப் பேர் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சோதனை கண்டுபிடிக்கும்; ஒருவர் தப்பிவிடுவார். நோயற்றவர் 9,990 பேர். அவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேரைத் தவறாக நோயாளி என்று அது காட்டும். அதாவது 899 பேர். ஆக 908 பேருக்கு "புற்று இருக்கலாம்" என்று சீட்டு வரும்; அவர்களுள் மெய்யான நோயாளிகள் ஒன்பது பேரே. மற்றவர்கள் வேலையை விட்டு, பஸ் செலவு செய்து, இரவு தூக்கமின்றி மருத்துவமனைக்கு அலைய வேண்டும். தப்பிய அந்த ஒருவரோ, "எனக்கு ஒன்றுமில்லை" என்ற காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மேலும் புகையிலை போடுவார்.

கேரளத்து ஊராட்சிகள்

இத்துறையில் மிகப் பயனுள்ள செய்தி நம் அண்டை மாநிலத்தின் கிராமங்களிலிருந்தே கிடைக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் பதின்மூன்று ஊராட்சித் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஏழு தொகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், வைத்தியர்கள் அல்லர், வீடு வீடாகச் சென்று முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வாயை வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தனர். ஐயத்துக்கிடமானவரை மருத்துவரிடம் அனுப்பினர். மற்ற ஆறு தொகுதிகளில் வழக்கம்போல் இருக்கவிட்டனர். இவ்வாறு பலமுறை பார்த்ததன் முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ வழங்குபவரிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அப்பழக்கம் இல்லாதவரிடையே இத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகையால் எல்லாரையும் பார்க்க ஆளில்லையெனில், முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

பார்க்கும் முறை கடினமானதன்று. வாயிலிருப்பதைத் துப்பி, நன்றாகக் கொப்பளித்து, பல்செட்டு இருந்தால் கழற்றிவிட்டு, வெளிச்சத்தில் இரு கன்னங்களின் உட்புறம், ஈறு, உதட்டின் உட்புறம், நாக்கின் இரு விளிம்பு, நாக்கின் அடிப்பகுதி, மேலண்ணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுப்போன்ற சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தடித்த மேடு ஆகியவை ஐயத்துக்குரியவை. இவற்றுள் சிவந்த திட்டு வெள்ளைத் திட்டைவிட ஆபத்தானது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மீதொன்றாக நிறுத்தி வாயில் நுழைக்க இயலாவிட்டால் தசை இறுகத் தொடங்கிவிட்டது என்று கருதலாம். பாக்குப் போடுபவரிடம் இது மிகுதி. பின்னர் தாடைக்கடியிலும் கழுத்தின் இருபுறமும் விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஐயத்துக்கிடமானவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும் செல்ல வேண்டும். தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தை நம்மில் பலர் அறிவர். சதைத் துணுக்கு எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னவுடன், "கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்று அஞ்சித் திரும்பிவருவோர் எனது வட்டாரத்திலும் இருக்கின்றனர். என் பெரியம்மாவும் அவ்வாறே முதலில் திரும்பி வந்தார். துணுக்கு எடுப்பதனால் பரவுவதில்லை. எடுக்காமல் நாளைக் கடத்துவதனாலேதான் பரவுகிறது.

இனி, மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆராய்ச்சிக்காக எவரேனும் உமிழ்நீர் கேட்டு வந்தால் மறுக்க வேண்டுவதில்லை. காரியத்தை விளக்கிக் கையொப்பம் பெற்றுக்கொண்டு, காசு வாங்காமல் எடுப்பார்கள். ஈறு கெட்டு, பாக்குக் கறை படிந்த நம்மவர் வாயிலிருந்து எடுத்ததில் தேறினால்தான் அச்சோதனை நமக்கு உதவும். பணம் கேட்டு வருபவரிடம் ஒரு கேள்வி கேட்டாற் போதும்: "புற்று என்று உமது காகிதம் சொன்னால், அடுத்து துணுக்குச் சோதனை வேண்டுமா, வேண்டாமா?"

அவ்வூராட்சியார் பிரசுரத்தை ஒப்பவில்லை. நான்கு கைவிளக்குகள் வாங்கினர். ஏரி வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுகாதார நிலையத்து மருத்துவரும் செவிலியரும் வந்து பார்க்க ஏற்பாடாயிற்று. எவரும் முன்வரத் தயங்கி நின்றபோது, தலைவர் தம் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, கொப்பளித்துக்கொண்டு முதலில் போய் உட்கார்ந்தார். பிறகு பெண்கள் வந்தனர். மடை பார்க்கும் முதியவர் ஒருவரின் வலது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயத்தளவு சிவந்த திட்டு இருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவருடைய மகனுடன் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். துணுக்கு எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.